என் கையெழுத்தில் ஒரு மரணம்

“பிணை மனு ஒண்டு ஒழுங்கா எழுதத் தெரியாத பிள்ளையளுக்கு ஜெனீவாவோ? நல்ல பகிடி, தங்கச்சி.”

யாழ்ப்பாணத்தில், நீதிமன்றத்துக்குக் கிட்ட உள்ள ஒரு தேநீர்க் கடையில், மூத்த சட்டத்தரணி ஒருவர் வாய்ப்பனைப் பிய்த்துக்கொண்டே இதைச் சொன்னார். போன வருடம் ஆவணி மாதம். சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு, சர்வதேச மனித உரிமைச் சட்டத்தை நடைமுறை வழக்குகளில் எப்படிப் பிரயோகிப்பது என்று கற்பிக்கும் வேலை எனக்குக் கிடைத்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம், பதினாறு மாணவர்கள். மேசையைச் சுற்றி இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, “பாப்பம் சேர்” என்றேன். உள்ளுக்குள் எரிந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர். அம்மா கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களில் பெருவிரலை வைப்பவர். நான் பிறந்து வளர்ந்தது தெல்லிப்பழைப் பக்கம், இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில். அங்கிருந்து சட்டத்தரணியாகி, வெளிநாட்டில் மேற்படிப்பும் படித்துத் திரும்பியவள். பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

கற்பிக்கும் முறை எளிது. உண்மையான ஒரு வழக்கின் கோவையை எடுத்து, பெயரையும் ஊரையும் மறைத்து மாணவர்களிடம் கொடுப்பேன். ஒரு பக்க வாங்கில் இருப்பவர்கள் பாதிக்கப்பட்டவருக்காக வாதாடுவார்கள். மறுபக்கம் இருப்பவர்கள் அரசுக்காக. உள்நாட்டு நீதிமன்றங்களில் எல்லாக் கதவும் சாத்தப்பட்ட ஒருவர், நாடு ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தின்படி ஜெனீவாவில் உள்ள மனித உரிமைகள் குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். எல்லாக் கதவையும் தட்டினீர்களா, காலம் கடந்துவிட்டதா, ஆதாரம் எங்கே? இந்தக் கேள்விகளில்தான் பல முறைப்பாடுகள் தடுக்கி விழும். விழாமல் எழுதப் பழக்குவதுதான் என் வேலை.

அந்தத் தவணைக்கு நான் எடுத்த கோவை, முகாமில் எங்களுக்கு இரண்டு அறை தள்ளி இருந்த ஓர் அக்காவுடையது. போரில் யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடியிருந்த காலத்தில், மேசன் வேலைக்குச் சைக்கிளில் போன அவரின் கணவரை ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் வாகனத்தில் ஏற்றினார்கள். ஏற்றியதைக் கண்ட சாட்சிகள் இரண்டு பேர். அதன் பிறகு ஆளைக் காணவில்லை. அக்கா ஆட்கொணர்வு மனு போட்டார். அது வருடக்கணக்காக இழுபட்டு, போன வருடம் தள்ளுபடியானது. ஒரு பொலித்தீன் பையில் எல்லாக் கடதாசிகளையும் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“நீ எங்கடை பிள்ளை. உன்னட்டைத் தராமல் ஆரிட்டைக் குடுக்கிறது? படிப்பிக்கவும் எடு. ஆனா பேந்து சும்மா விட்டிடாதை, எழுதி அனுப்பு” என்றார்.

அந்த முறைப்பாட்டைப் பிரதிநிதியாக என் பெயரில் அனுப்புவது என்று அன்றே தீர்மானித்துவிட்டேன். என்னுடைய முதலாவது ஜெனீவா முறைப்பாடு. அதன் தலைப்புப் பக்கத்தைக்கூட மனதில் அச்சடித்துவிட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை. வெளியே நல்ல வெயில். வகுப்பில் மின்விசிறி ஒன்றுதான் வேலை செய்தது. கோவையின் பிரதிகளை வாங்குகளில் பரப்பிவிட்டு, அரசுப் பக்கத்தை முதலில் பேசச் சொன்னேன். வட்டுக்கோட்டையிலிருந்து வரும் ஒரு பொடியன் எழும்பினான். கெட்டிக்காரன், வாய்க்காரனும்.

“மிஸ், எங்களுக்குப் பெரிசா வாதாட ஒண்டும் இல்லை. முறைப்பாட்டாளரே எங்கடை வேலையைச் செய்து வச்சிருக்கிறா” என்றான். கையில் ஒரு கடதாசியைத் தூக்கிக் காட்டினான். “இஞ்சை பாருங்கோ. மரணத்தைப் பதிய விண்ணப்பம். ‘என் கணவர் இறந்துவிட்டார் என உறுதியாக நம்புகிறேன்.’ கீழை இவவின்ரை கையெழுத்து. இதுக்குப் பிறகு மரணச் சான்றிதழும் எடுத்தாச்சு. ஆட்கொணர்வு மனுவைத் தள்ளுபடி செய்த கட்டளையிலையும் இதைத்தான் சொல்லியிருக்கு. செத்த ஆளை ஆர் கொண்டு வாறது?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு பிள்ளை கோபமாக, “அவ எழுதேல்லையடா. கையெழுத்துத்தான் அவவின்ரை, படிவத்தை நிரப்பினது வேறை ஆரோ. எழுத்தைப் பார்” என்றாள்.

“அப்ப எந்த மொக்கு உதை நிரப்பினது? அந்த ஆளுக்கு எதிரா வழக்குப் போடுங்கோ” என்றான் அவன். மீண்டும் சிரிப்பு.

நான் அந்தக் கடதாசியை வாங்கிப் பார்த்தேன். சாய்வான எழுத்து. ‘ழ’ வின் வாலை இழுத்துச் சுழிக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. ஆசிரியர்கள் பாராட்டிய எழுத்து அது.

அந்த மொக்கு நான்தான்.

கோவையை நான் முன்பு படிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். படித்தேன். தள்ளுபடிக் கட்டளையை மேலோட்டமாகப் பார்த்தேன். மரணச் சான்றிதழ் இருப்பதும் தெரியும். ஆனால் ஜெனீவா தீர்மானங்களைத் தேடிப் பிடிக்கிற அவசரத்தில், ஊர் அலுவலகப் படிவங்களைப் பெயரை மட்டும் மை பூசி மறைத்து அடியில் தள்ளிவிட்டிருந்தேன். அவை சின்னக் கடதாசிகள், வழக்கைக் கவிழ்க்காது என்ற நினைப்பு.

அன்று வகுப்பில் நான் அதைச் சொல்லவில்லை. தலையிடி என்று சொல்லி அரை மணித்தியாலம் முன்பே முடித்துவிட்டேன். தங்கள் வாதம் என்னைக் கவரவில்லை என்று அரசுப் பக்கத்துப் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

வீடு போகும் வழி முழுக்க அந்தப் பழைய நாள் திரும்பத் திரும்ப வந்தது. நான்கு வருடத்துக்கு முன். நான் அப்போது ஒரு சட்டத்தரணியின் கீழ்ப் பயிலுனர். அக்காவின் மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. அக்காவின் தாய் அவருக்குக் கொடுத்த சீதனக் காணியில் பாதியை மகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் பகுதிக்கு உரிய தேசவழமைச் சட்டத்தில், கலியாணமான பெண் தன் சொந்தக் காணியை எழுதிக் கொடுப்பதானாலும் கணவனின் சம்மதம் வேண்டும். கணவன் கையெழுத்து இல்லாமல் காணி உறுதிப் பத்திரம் முடிக்க மாட்டேன், இல்லையென்றால் மரணச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்று நொத்தாரிசு சொல்லிவிட்டார். காணாமல் போனவர்களுக்குத் தரும் ‘இல்லாமற்போனமைச் சான்றிதழ்’ அவருக்குப் போதாதாம்.

அக்கா என்னிடம் வந்தார். நான் என்ன செய்தேன்? ஒரு புத்தகத்தையும் திறக்கவில்லை. யாரையும் கேட்கவுமில்லை. “மரணச் சான்றிதழை எடுங்கோ அக்கா. அது வெறும் கடதாசிதானே. மனசிலை நீங்கள் நம்பத் தேவையில்லை” என்றேன். அலுவலகத்துக்கும் நானே கூட்டிக்கொண்டு போனேன். ‘இறந்துவிட்டார் என நம்புகிறேன்’ என்ற வரியில் அக்கா தயங்கினார். “அதை விட்டிட்டுக் குடுப்பமே பிள்ளை?” என்று கேட்டார். அந்த வரி வெறுமையாக இருந்தால் படிவத்தை எடுக்க முடியாது என்று அலுவலர் சொன்னார். அவர் அவ்வளவுதான் சொன்னார். ‘உறுதியாக’ என்ற சொல்லைச் சேர்த்தது நான். அழுத்தமாக எழுதினால் அலுவல் கெதியாக முடியும் என்று நினைத்தேன். வெளியே வரும்போது எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு குடும்பத்தின் சிக்கலை ஒரே நாளில் தீர்த்துவிட்டேன் அல்லவா!

செவ்வாய்க்கிழமை, முன்பு கோபப்பட்ட அந்தப் பிள்ளை என்னைத் தேடி வந்தாள். சாவகச்சேரிப் பிள்ளை. தகப்பன் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். கையில் தேசவழமை பற்றிய கட்டளைச் சட்டத்தின் பிரதி.

“மிஸ், நான் உலகம் முழுக்கத் தேடிப் போட்டு, கடைசியா எங்கடை சட்டத்தையே பார்த்தனான். இஞ்சை இருக்கு. கணவன்ரை இருப்பிடம் தெரியாட்டி, மனைவி மாவட்ட நீதிமன்றத்திலை அனுமதி எடுத்துக் காணியை எழுதலாம். மரணச் சான்றிதழே தேவைப்பட்டிருக்காது, மிஸ். அவவுக்கு ஆரும் சொல்லேல்லைப் போலை.”

நான் அந்தப் பிரிவை வாசித்தேன். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சட்டம். ‘இருப்பிடம் தெரியாத கணவன்’ என்று எவனோ ஒருவன் அந்தக் காலத்திலேயே யோசித்து எழுதி வைத்திருக்கிறான். பரீட்சைக்குத் தேசவழமை படித்தவள்தான் நானும். நல்ல புள்ளியும் எடுத்தவள்.

“ஓம். ஆரும் சொல்லேல்லை” என்றேன். அவளிடம் அதற்கு மேல் சொல்ல எனக்கு அன்றும் துணிவு வரவில்லை.

அன்று பின்னேரமே அக்கா வீட்டுக்குப் போனேன். முகாமிலிருந்து திரும்பி, இராணுவம் விடுவித்த காணியில் கட்டிய சின்ன வீடு. அக்கா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. முகாம் நாட்களில் விடிந்ததும் முதல் வேலையாகப் பொட்டு வைப்பவர். கடைசியாக அவரைப் பொட்டோடு பார்த்தது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. கவனித்ததே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தை நான் எழுதியது, அதைக் காட்டித்தான் மனு தள்ளுபடியானது, அந்தப் படிவமே தேவைப்பட்டிருக்காது என்பது, எல்லாம்.

அக்கா மிளகாயைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

“நீ எழுதினது எனக்குத் தெரியும்தானே, பக்கத்திலை தானே நிண்டனான்” என்றார். “கேஸ் ஏன் தள்ளினவை எண்டு நான் லோயரைக் கேக்கேல்லை. கேட்டாப் போலை எனக்கு விளங்கவே போகுது? அந்தக் கடதாசியாலையோ?”

“ஓம் அக்கா.”

“அப்ப நான்தானோ அவரைச் சாக்காட்டினது?”

“இல்லை அக்கா. நான்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். மகளுக்கு எழுதிய காணி உறுதியில் அவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘காலஞ்சென்றவரின் மனைவி’ என்று இருந்ததை மாப்பிள்ளை வீட்டார் வாசித்திருக்கிறார்கள். அதுவரை, ஆள் காணாமல் போனவர், எங்கேயோ இருக்கலாம் என்றுதான் பேச்சு. வாசித்த பிறகு, கிராம அலுவலரான விதானையார் ஊடாகப் பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்களாம், தாய் மணவறைப் பக்கம் வராமல் இருந்தால் நல்லது என்று. தாலி கட்டும்போது அக்கா மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கொட்டிலில் நின்றிருக்கிறார்.

“மேளச் சத்தத்திலை தெரிஞ்சுது, கட்டியாச்சு எண்டு” என்றார். “நீயும் அண்டைக்கு வந்தனிதானே. முன் வரிசையிலை இருந்தாய். அம்மா எங்கை எண்டு நீயும் கேக்கேல்லை.”

நான் போயிருந்தேன். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் என்னைப் பார்த்து, “உவதான் லோயராகப் போறவ” என்று கதைத்ததை ரசித்துக்கொண்டு இருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அக்கா, “அது கிடக்கட்டும்” என்று சொல்லவில்லை. “பரவாயில்லை” என்றும் சொல்லவில்லை. ஒரு சுளகை எடுத்து என் பக்கம் தள்ளி, “கையை வச்சுக்கொண்டு நிக்காமல் உதிலை காம்பைக் கிள்ளு” என்றார். ஒரு மணித்தியாலம் காம்பு கிள்ளினேன். விரல் எரிந்தது. வெளிக்கிடும்போது மட்டும், “இனி என்ன செய்யப் போறாய்?” என்று கேட்டார்.

சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். கரும்பலகைக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு, “இண்டைக்கு ஒரு சாட்சி வந்திருக்கு” என்று சொல்லி அதில் நானே இருந்தேன். அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான் என்று சொன்னேன்.

வட்டுக்கோட்டைப் பொடியன் எழும்பி, “சொறி மிஸ், நான் அண்டைக்கு…” என்று இழுத்தான். “மன்னிப்பு வேண்டாம். நீர் அரசின்ரை பக்கம். என்னைக் குறுக்கு விசாரணை செய்யும்” என்றேன்.

அவன் முதலில் தயங்கினான். பிறகு தயங்கவில்லை.

“கணவர் இறந்திட்டார் எண்டு அவ உங்களுக்குச் சொன்னவவோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் எழுதினீங்கள்?”

“அந்த வரி வெறுமையா இருந்தால் எடுக்கேலாது எண்டு அலுவலர் சொன்னவர்.”

“இறந்திட்டார் எண்டு எழுதச் சொல்லி அவர் வற்புறுத்தினவரோ?”

அக்காவின் முறைப்பாட்டுக்கு நாங்கள் நம்பியிருந்த வாதம் ஒன்று இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்தை, தங்களுக்கு உரியதைப் பெறுவதற்காக ஆள் இறந்துவிட்டார் என்று ஏற்க வைப்பதே மனிதத்தன்மையற்ற நடத்துகை என்று, வேறொரு நாட்டைப் பற்றிய முறைப்பாடுகளில் அந்த ஜெனீவாக் குழு சொல்லியிருக்கிறது. அலுவலர் வற்புறுத்தினார் என்று நான் ஒரு சொல் சொன்னால் அக்காவின் முறைப்பாடு நல்ல பலமாகும். முன் வாங்கில் ஒருத்தி மெதுவாக, “ஓம் எண்டு சொல்லுங்கோ மிஸ்” என்றாள். எனக்கும் ஆசையாக இருந்தது. ஏற்கெனவே ஒரு சொல்லைச் சேர்த்து ஓர் ஆளைச் சாகடித்தவள். இன்னொரு சொல்லைச் சேர்த்து உயிர்ப்பிக்கலாம் போல இருந்தது.

“வற்புறுத்தேல்லை” என்றேன். “வரி கட்டாயம் எண்டு மட்டும் சொன்னவர். ‘உறுதியாக’ எண்டு எழுதினது நான்.”

“மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியாது. தெரிஞ்சிருக்க வேணும்.”

“வேறை கேள்வி இல்லை” என்று சொல்லிவிட்டு அவன் வாங்கில் இருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. ஆனால் கேள்வி ஒன்றையும் விடவில்லை. அந்த வருடம் நான் கற்பித்த வகுப்புகளில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு அந்தப் பதினாறு பேரும் இரண்டு வாங்கையும் ஒன்றாக்கி வேலை செய்தார்கள். யாரும் கையை முறுக்கித்தான் வற்புறுத்த வேண்டும் என்றில்லை, ஆளைத் தேடிக் கொடுக்காமல் ‘இறந்துவிட்டார்’ என்ற வரியை மட்டும் கட்டாயமாக்கி வைப்பதும் வற்புறுத்தல்தானே என்று வாதத்தைத் திருப்பி எழுதியது அரசுப் பக்கத்தில் இருந்த அந்தப் பொடியன்தான். நிற்குமா என்று தெரியாது. சாவகச்சேரிப் பிள்ளை இன்னொன்றைக் கண்டுபிடித்துச் சொன்னாள். “மிஸ், நீங்கள் சாட்சி எண்டால், நீங்கள் அவவுக்குச் சட்டத்தரணியா நிக்கேலாதுதானே?”

சரிதான். ஒரே வழக்கில் சாட்சியாகவும் சட்டத்தரணியாகவும் நிற்பது முறையல்ல. நான் மனதில் அச்சடித்திருந்த தலைப்புப் பக்கம் அங்கேயே கிழிந்தது. சக சட்டத்தரணி ஒருவரைக் கேட்டு, பொலித்தீன் பையோடு கோவையை அவரிடம் ஒப்படைத்தேன். கொடுக்கும்போது கை கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது உண்மை.

முறைப்பாட்டுக்கு என்ன பதில் வரும் என்று தெரியாது. வருடங்கள் ஆகலாம். காலம் கடந்துவிட்டது என்று ஒரு வரியில் திருப்பியும் அனுப்பலாம். அக்கா என்னோடு முன்பு போலக் கதைப்பதில்லை. போனால் வேலை தருவார், தேத்தண்ணி தருவார். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

சட்டம் தெரிந்தவள் என்று என்னை நம்பி வருகிற ஒருவரின் முன்னால், தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்தின் விலையை வேறொரு பெண் மண்டபத்துக்குப் பின்னால் நின்று கொடுத்தாள் என்பதை நினைக்காமல் இன்று என்னால் எந்தப் படிவத்திலும் பேனையை வைக்க முடிவதில்லை. போன புதன்கிழமை, அந்த மரணப் பதிவை நீக்கக் கோரி அக்கா கொடுக்கும் விண்ணப்பத்தோடு இணைப்பதற்கான சத்தியக் கடதாசியில், நடந்ததை நடந்தபடி எழுதி, என் முழுப் பெயரையும் தொழிலையும் போட்டு, சமாதான நீதவானின் முன்னால் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன்.